பப்ஸ் பல்பும் ஆறு கோழிக்குஞ்சும்

கிரில் கேட்டுக்கு வெளியே ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டி கீச் கீச்சென்று கத்தியது. அதைத் தூக்கிக்கொண்டு நின்றது என் நாத்தனார் செல்வி.

"அண்ணி, ஆறு கீது. சீக்கிரம் புடி. எனக்கு பஸ்ஸு பூடும்."

"உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போயேன்."

"காபி குடிச்சேன்னா எங்க அண்ணன் வந்துடும். இன்னாத்துக்குக் கோழின்னு கேக்கும். அது கேக்கறதுக்கெல்லாம் நீ பதில் சொல்லிக்கோ."

பெட்டியை என் கையில் திணித்துவிட்டு நடந்தாள். செல்வி இருப்பது குத்தம்பாக்கத்தில். அவள் வீட்டுப் பெட்டைக்கோழி அடைகாத்து, குஞ்சு பொரித்து, அடுத்த நாளே ரோட்டைத் தாண்டப் போய்த் தண்ணி லாரியில் மாட்டிக்கொண்டது. தாயில்லாத குஞ்சுகளை வைத்துக்கொண்டு அவளால் ஆகாது. எனக்கோ குஞ்சு வேண்டும். அப்படித்தான் அந்தப் பெட்டி சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

மூடியைத் திறந்தேன். ஆறு பேரும் அண்ணாந்து என்னைப் பார்த்துக் கத்தினார்கள். என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. தையல் மெஷின் சத்தத்துக்குப் பழகின என் காதுக்கே அது அதிகமாக இருந்தது.

எனக்கு எதுக்குக் கோழி?

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் மகள் ஷர்மியைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெண். அவளுக்கு முதல் தடவை உண்டானது மூன்றாம் மாசமே கலைந்துபோனது. இரண்டாவது தடவை ஏழாம் மாசம் தொட்டு, வளைகாப்பு முடித்து, அவளைப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தோம்.

வளைகாப்பு அன்று எல்லாரும் கலந்த சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் மட்டும் தெருமுனை நாகாத்தம்மன் கோயிலுக்குப் போய் நின்றேன். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்து வந்தால் ஒரு சேவல் கொண்டுவந்து விடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். எங்கள் அம்மனுக்கு அறுக்கிறது கிடையாது. உயிரோடு கோயிலில் விட்டுவிட்டு வர வேண்டும்.

ஆனால் அதைக் குஞ்சிலிருந்து நம் கையால் வளர்த்திருக்க வேண்டும். கடையில் வாங்கின சேவலைக் கொடுத்தால் அதற்குப் பெயர் வேண்டுதல் இல்லை, பர்ச்சேஸ்.

வளர்க்கும்போதே குஞ்சு செத்துவிட்டால்? அதற்கு எங்கள் பக்கம் ஒரே ஓர் அர்த்தம்தான் சொல்வார்கள். அதை நான் அன்றைக்கும் வாயால் சொல்லவில்லை, இன்றைக்கும் எழுதப் போவதில்லை.

ஆறில் நல்லா துறுதுறுவென்று இருந்த ஒன்றைப் பிடித்தேன். பருத்தி நூலை மஞ்சளில் தோய்த்து, அதன் இடது காலில் லூசாகக் கட்டினேன். அம்மனுக்கு நேர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளம். சேவலா பெட்டையா என்று அந்த வயசில் யாருக்குத் தெரியும்? அதை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

எங்க வீட்டு நாஸ்திகர்

செல்வி சொன்ன அந்த அண்ணன் என் வீட்டுக்காரர். சாமியே கிடையாது என்று சொல்கிற ஆள். பெயர் ஏழுமலை.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவர். யூனியன் ஆள். ஆயுத பூஜைக்குக் கம்பெனியே பொரி சாப்பிடும்போது இவர் மட்டும் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து டீ குடிப்பாராம். எங்கள் கல்யாணத்தில் தாலி வேண்டாம், மாலை போதும் என்று அடம்பிடித்தார். எங்க அப்பா எழுந்து நின்று ஒரு பார்வை பார்த்தார். இவர் கட்டிவிட்டார். அதைப் பற்றி மேற்கொண்டு அவர் எங்கேயும் பேசினதில்லை.

போன வாரம் இதே பக்கத்தில் அவர் குறட்டையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது. இந்த வாரம் அதைவிட அதிகமாக எழுதப்போகிறேன், பார்ப்போம்.

அன்று சாயங்காலம் வந்தவர் பெட்டியைப் பார்த்தார். மஞ்சள் நூலையும் பார்த்தார்.

"இன்னாம்மே இது, கால்ல?"

"நேந்து உட்டது."

"புள்ளை நல்லா பொறக்கணும்னா டாக்டரைப் பாக்கணும். கோழி இன்னா பண்ணும்? பிரசவம் பாக்குமா?"

"யோவ், உன்னை யாரும் கும்புடச் சொல்லல. குளிருது பாரு அதுங்களுக்கு. ஒரு பல்பு கட்டி வுடு, போதும்."

பல்பு என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. அது அவர் டிபார்ட்மென்ட்.

சூடே ஆகாத பல்பு

இங்கே ஒரு பழைய கதை சொன்னால்தான் புரியும்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் இருந்த குண்டு பல்பு, டியூப்லைட் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எல்இடி மாட்டினார். பூஜை ரூமில் இருந்த சின்னச் சிவப்பு பல்பைக்கூட விடவில்லை. மாட்டினதோடு சும்மா இருந்தாரா? வீட்டுக்கு யார் வந்தாலும் ஸ்டூல் போட்டு மேலே ஏற்றி, "தொட்டுப் பாருங்க, சூடே ஆவாது" என்பார். மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தியையே ஸ்டூல் மேலே ஏற்றினார். சம்பந்தி தொட்டுப் பார்த்து, ஆமாம் ஆகவில்லை என்று சொல்லி இறங்கினார். சம்பந்தம் முடிந்தது.

அதே ஆள், அதே பல்பை, குஞ்சுகளுக்குச் சூடு கொடுப்பதற்காக ஒயர் இழுத்து, ஹோல்டர் மாட்டி, பெட்டிக்கு மேலே அழகாகத் தொங்கவிட்டார். நானும் பக்கத்தில் நின்று, "இன்னும் கொஞ்சம் கீழ எறக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஷர்மி நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்தாள். மூன்று பேரில் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

குஞ்சுகள் பிரகாசமாகக் குளிரில் நடுங்கின. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்துகொண்டன. "எவ்ளோ பாசமா கீது பாரு" என்றார் இவர்.

மறுநாள் காலை

காலையில் பால் பாக்கெட் எடுக்க அவர்தான் முதலில் எழுவார். நான் எழுந்து வந்தபோது பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பால் கீழே இருந்தது. உள்ளே ஐந்துதான் இருந்தன.

"ஒண்ணு பூட்ச்சி," என்றார். "நோஞ்சான் ஒண்ணு. உன்து இல்ல. உன்து ஜோரா கீது, தோ பாரு, மஞ்சளு."

பார்த்தேன். ஒரு குஞ்சின் வலது காலில் மஞ்சளாக ஒன்று சுற்றியிருந்தது. நூல் இல்லை. இன்சுலேஷன் டேப். ஒயர் மூட்டுக்குச் சுற்றுவாரே, அதே டேப், அதே மாதிரி நுனியை மடித்து ஒட்டி.

நான் கட்டினது இடது காலில்.

அவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் ஓடவில்லை. நகத்திலெல்லாம் ஈரமண். பின்பக்கம் முருங்கைமரத்தடியில் மண்வெட்டி சாத்தியிருந்தது.

நான் நேர்ந்துவிட்ட குஞ்சு செத்துவிட்டது. உள்ளே ரூமில் என் பெண் வயிற்றைத் தாங்கிக்கொண்டு தூங்குகிறாள். எனக்கு அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும்போல இருந்தது.

அப்புறம்தான் அந்த டேப் மறுபடி கண்ணில் பட்டது. சாமி இல்லை, பூதம் இல்லை என்று வாழ்நாளெல்லாம் தொண்டை வறளப் பேசின மனுஷன், விடியறதுக்குள் எழுந்து, செத்ததைப் புதைத்து, வேறொன்றின் காலில் மஞ்சள் கட்டியிருக்கிறார். என்னை ஏமாற்றத்தான் கட்டினாரா, அவருக்கே பயமா என்று தெரியவில்லை.

நான் பேசாமல் இருந்த சந்தர்ப்பங்கள் என் வாழ்க்கையில் ரொம்பக் கம்மி. அது ஒன்று.

ஆனால் கோபம் எங்கேயாவது போக வேண்டுமே. பல்புக்குக் கீழே கையை நீட்டினேன். ஜில்லென்று இருந்தது.

"யோவ்! சூடே ஆவாதுன்னு ஊரைக் கூட்டித் தொட்டுப் பாக்கச் சொன்னியே, அந்தப் பல்பு தானே இது?"

அவர் பல்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தார்.

குண்டு பல்பு வேட்டை

அவர் போனதும் நான் தண்ணீரைச் சுட வைத்து பாட்டிலில் ஊற்றி, பழைய துண்டைச் சுற்றிப் பெட்டிக்குள் படுக்க வைத்தேன். ஐந்தும் ஓடிவந்து அதை ஒட்டிக்கொண்டன. கத்துவது நின்றது. தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தேன். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய ரெண்டு பிளவுஸ் அப்படியே கிடந்தது.

இவர் பூந்தமல்லி முழுக்கச் சுற்றினார். ஒரு ஹார்டுவேர்ஸ் கடைக்காரர், "குண்டு பல்பா? அண்ணாத்தே, எந்தக் காலத்துல கீறே நீ?" என்று சிரித்தாராம். இன்னொரு கடையில் எல்இடியை எடுத்துக் காட்டி, இது சூடே ஆகாது, தொட்டுப் பாருங்கள் என்றாராம். இவர் தொட்டுப் பார்க்காமல் வந்துவிட்டார்.

கடைசியில் டீ குடிக்கலாம் என்று கரையான்சாவடி பக்கம் ஒரு பேக்கரியில் நின்றிருக்கிறார். கண்ணாடிப் பெட்டிக்குள் முட்டை பப்ஸ் அடுக்கியிருக்கிறது. அதற்கு மேலே மஞ்சளாக, குண்டாக, கொதிக்கக் கொதிக்க ஒரு பல்பு.

பேக்கரிக்காரர் கேட்டாராம், "பல்பைக் குடுத்துட்டா பப்ஸு ஆறிடுமே?"

"உன் பப்ஸு ஆறுனா திரும்ப சுட வெக்கலாம். இது அப்டி இல்ல நைனா. எம் பொண்ணு மாசமா கீறா."

பல்புக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த ஆளுக்கு எப்படிப் புரியும்? ஆனால் கழற்றிக் கொடுத்துவிட்டார். துணியில் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தார். பல்பில் நெய் வாசனை அடித்தது. முட்டையைச் சூடாக வைத்திருந்த பல்பு குஞ்சுக்கு வந்து சேர்ந்தது என்று ஷர்மி சிரித்தாள். அவள் சிரித்து நாளாகியிருந்தது.

இந்தத் தடவை அவர் விளையாடவில்லை. கை படாமல், அட்டையில் உரசாமல், சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டினார். குஞ்சுகள் பல்புக்கு நேர்கீழே குவிந்தால் இறக்கினார். ஓரத்துக்கு ஓடி வாயைப் பிளந்தால் ஏற்றினார். பரவலாக அங்கங்கே படுத்துத் தூங்கின பிறகுதான் ஸ்டூலை விட்டு எழுந்தார்.

டாக்டரம்மாவின் சட்டம்

ஷர்மியைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கோழிக்குஞ்சு சமாச்சாரத்தைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றிவிட்டார். குஞ்சு பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் எச்சத்தில் கிருமி இருக்கும் என்றார். மாசமாக இருப்பவள் தொடக் கூடாது. பெட்டி சமையல்கட்டுப் பக்கமே வரக் கூடாது. அதைத் தொட்ட கையை யாராக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வேறு வேலை.

பெட்டி கிரில் கேட்டுக்குள்ளேயே, கூடத்துக்கு வெளியே இருந்தது. வாசலில் பக்கெட், சோப்பு. பேப்பர் விரித்தால் குஞ்சு வழுக்கிக் காலைப் பரப்பிக்கொண்டு விழுந்தது. பேப்பரை எடுத்துவிட்டுத் தச்சுப் பட்டறையிலிருந்து மர இழைப்புச் சுருள் வாங்கிவந்து பரப்பினோம். தண்ணீர் வைக்க ஊறுகாய் பாட்டில் மூடி. அதிலும் ஒன்று தலைகுப்புற விழுந்து எழுந்தது. எதிர்வீட்டில் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த ஜல்லியில் நாலு பொறுக்கிக் கழுவி மூடிக்குள் போட்டேன். அப்புறம் யாரும் முழுகவில்லை.

ரெண்டு நாள் போயிருக்கும். சுருள் மாற்றும்போது பார்க்கிறேன், இன்னொரு குஞ்சின் காலிலும் மஞ்சள். இது நூல்தான். ஆனால் பாலியஸ்டர், பளபளவென்று. என் தையல் மெஷின் பாபினில் இருந்தது. பூ மாதிரி முடிச்சு வேறு.

கூடத்துக்குப் போனேன். ஷர்மி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றால் கையிலிருந்து சோப்பு வாசனை தூக்கி அடித்தது. குளிக்கவே சோம்பல்படுகிற பெண்.

"கை கழுவினியா?"

"ம்."

"நல்லாவா?"

"ரெண்டு வாட்டிமா," என்றாள். டிவியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

அவளும் மஞ்சள் நூல் கட்டின குஞ்சைக் காணாமல் தேடியிருக்கிறாள். அப்பாவின் டேப் அவள் கண்ணில் படவில்லை, பட்டிருந்தாலும் அது வேண்டுதல் என்று தோன்றியிருக்காது. அம்மா பயந்துவிடக் கூடாது என்று அவள் ஒன்று கட்டிவிட்டாள்.

குஞ்சுக்குக் கால் பருக்கும். கட்டினது இறுகினால் கால் போய்விடும். அதனால் வாரத்துக்கு ஒருதரம் ரெண்டையும் அவிழ்த்து லூசாக்கிக் கட்டினேன். அவர் டேப்பை அவர் மாதிரியே நுனி மடித்து ஒட்டினேன். அவள் முடிச்சை அவள் மாதிரியே பூவாகப் போட்டேன். மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வராத மனுஷன்

ஒரு நாள் ஸ்கேனுக்குப் போன இடத்தில் குழந்தையைச் சுற்றித் தண்ணீர் குறைவாக இருக்கிறது, அட்மிட் பண்ணுங்கள் என்றார்கள். இவருக்குப் போன் போட்டேன்.

"நீ பாத்துக்கோ தனம். நான் வர முடியாது."

"இன்னாது? வர முடியாதா? அப்டி இன்னா கிழிச்சிகினு கீறே அங்க?"

போனை வைத்துவிட்டார். மாப்பிள்ளை கம்பெனியில் சொல்லிவிட்டு ஓடிவந்தார். அவரை அவளோடு விட்டுவிட்டு, மாற்றுத்துணி எடுக்க ஆட்டோவில் வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் என்ன என்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். முப்பது வருஷத்துக்குச் சேர்த்துவைத்தது நிறைய இருந்தது.

கிரில் கேட்டுக்குள் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் டேப் கட்டின குஞ்சு. தலை தொங்கியிருந்தது. எச்சம் பின்பக்கம் காய்ந்து அடைத்துக்கொண்டு, வெளியே போக முடியாமல் சுருண்டுவிட்டது. வெந்நீரில் பஞ்சை நனைத்து நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து, பல்பில் காட்டி, மறுபடி துடைத்து.

"ஏந்துரு," என்றார் அதனிடம். "ஏந்துருடா. நீ பூட்டேன்னா நான் அவங்களுக்கு இன்னா சொல்லுவேன்?"

நான் வந்ததை அவர் பார்க்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்த நிமிஷம் அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

சத்தம் போடாமல் பின்பக்கமாகப் போய்த் துணியை எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பினேன். ஆட்டோக்காரர், "இன்னாம்மா, அதுக்குள்ளியா?" என்றார்.

மறுநாள் காலையில் போன் வந்தது. "தேவலையாயிடுச்சி" என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. இங்கேயும் தண்ணீர் அளவு ஏறியிருக்கிறது என்று சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

கோயில்

பெண் குழந்தை பிறந்தது. யாழினி. ரெண்டு பேரும் நல்லபடியாக வீட்டுக்கு வந்தார்கள். டாக்டரம்மா சொல்வதற்கு முன்னாலேயே கோழிகளைப் பின்பக்கம் கூண்டு கட்டி மாற்றிவிட்டார் தாத்தா. பப்ஸ் பல்பைத் துடைத்துக் கொண்டுபோய்ப் பேக்கரியில் திருப்பிக் கொடுத்தார்.

ஷர்மி கட்டினது பெட்டையாகப் போயிற்று. டேப் கட்டினது சேவல். கொண்டை சிவந்து, விடிகாலையில் தெருவையே எழுப்பியது.

யாழினிக்கு மூன்று மாசம் முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பினேன். ஷர்மி குழந்தையோடு வீட்டில் இருந்தாள். சேவலைப் பிடிக்கப் பின்பக்கம் போனால், இவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சட்டை போட்டு, தலை சீவி நின்றார்.

"உனக்குப் புடிக்கத் தெரியாது. கொத்திடும்," என்றார்.

கோயில் வாசலில் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றினார்.

பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். நான் வாயைத் திறக்கிறதுக்குள் இவர் சொன்னார்.

"யாழினி. உத்திராடம், ரெண்டாம் பாதம். மகர ராசி."

என் நட்சத்திரம் என்ன என்று கேட்டால் இந்த மனுஷனுக்கு இன்றைக்கும் தெரியாது.

பூசாரி சேவலை வாங்கினார். அதன் காலைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாங்க இது? டேப்பா?"

"மஞ்ச கயிறு," என்றார் இவர்.

பூசாரி அவரை ஒருமாதிரி பார்த்தார். தெருவில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. "வேண்டுதலு யாருது? அம்மாதா?"

"என்து," என்றார்.

அது பொய் இல்லை. என்னுடையது முருங்கைமரத்தடியில் இருக்கிறது. இது அவர் கட்டினது, அவர் துடைத்துப் பிழைக்க வைத்தது. நான் ஒதுங்கிக் கொஞ்சம் இடம் விட்டேன். அவர் முன்னால் வந்து நின்றார்.